ஜவளகிரியில் யானைப் படம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினோம். என் கணவர் இந்த அலைச்சலை இத்தோடு நிறுத்துவாரா என்பதுதான் அப்போது என் கவலை. யானை நினைப்பே இல்லை. அவர் சேலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஜோடிகள், பிறந்தநாள் குழந்தைகள் என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும் கார்த்திகை பிறந்துவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் கிளம்பிவிடுவார். ஜவளகிரிக் காட்டு யானைகள் கேழ்வரகுக் கொல்லைகளில் இறங்கும் காலம் அது. ஒரு வருடம் மழையில் பிலிம் பாழானது. ஒரு வருடம் யானையே வரவில்லை. போன வருடம் காய்ச்சலோடு திரும்பி வந்து படுத்துவிட்டார்.

"இந்த வருஷம் நானும் வர்றேன். ஒண்ணுமில்லேன்னா இதோட விட்டுடணும்" என்று சொல்லியிருந்தேன். அவர் மறுக்கவில்லை.

கிருஷ்ணகிரியை நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. அணை வேலைக்குச் சிமெண்ட் ஏற்றிப்போகும் லாரிகள் எங்களை முந்தின. கோட்டை மலை மொட்டைப் பாறையாக மின்னியது. குருபரப்பள்ளியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சாலையோரக் கடையில் காப்பி இரண்டணா. கடைக்காரர் என்னிடம் தமிழிலும் டிரைவரிடம் தெலுங்கிலும் அடுப்படியில் இருந்தவரிடம் கன்னடத்திலும் பேசினார். எந்த மொழியிலும் தடுக்கவில்லை.

ஓசூரில் இறங்கித் தேன்கனிக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தோம். பதினாறு மைல். அங்கிருந்து ஜவளகிரிக்கு ஒரு மூங்கில் லாரியில் இடம் கிடைத்தது. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர் கேமரா முக்காலியை அணைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"ஐயா போன வருசமும் வந்தாரே. அந்தப் படம் கெடைச்சுதாம்மா?" என்றார் டிரைவர்.

"இல்லீங்க."

"அப்புறம் மறுக்காவும் வந்திருக்காரு?" என்று சிரித்தார்.

சாயங்காலம் நஞ்சப்பா வீட்டை அடைந்தோம். காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் கேழ்வரகு வைத்திருப்பவர். என் கணவர் வந்தால் அங்கேதான் தங்குவது வழக்கம். நஞ்சப்பாவின் மனைவி முனியம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். சூடாகக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். கதிர் முற்றி நின்றது. அறுவடைக்கு இன்னும் நான்கைந்து நாள்தான் என்றார்கள். பக்கத்துக் கொல்லையில் முந்தின நாள்தான் யானை புகுந்திருந்தது.

"வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நான் காவல் பரண் மேல இருந்து டின்னைத் தட்டுவேன். இவ கீழ்க்கோடியில நின்னு தட்டுவா. ரெண்டு பக்கமும் சத்தம் கேட்டாத்தான் அது மேலால காட்டுக்குத் திரும்பும்" என்று நஞ்சப்பா சொன்னார். வாசலில் இரண்டு எண்ணெய் டின்கள் தயாராக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நஞ்சப்பா எங்களைக் கொல்லைக்கு மேலிருந்த ஒரு பாறைக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் தன் பரணுக்குப் போனார். பனி இறங்கிக் கொல்லையே தெரியவில்லை. என் கணவர் முக்காலியை நிறுத்திக் கேமராவைப் பூட்டினார். குளிரில் என் பல் தந்தியடித்தது. கீழ்வானம் வெளுத்து, பனி மெல்ல விலகியது.

கொல்லைக்குள் பாறைகள் நிற்பதைப் பார்த்தேன். நேற்று இங்கே பாறை இல்லையே என்று நினைக்கும்போதே அவற்றில் ஒன்று காதை அசைத்தது.

ஏழு யானைகள். எப்போது வந்தனவோ, எங்கள் இருவர் காதிலும் ஒரு சத்தம் விழவில்லை. முன்னால் நின்ற பெரிய பெண் யானை கதிர்களைக் கற்றையாகச் சுருட்டிப் பிடுங்கி, மண் போக முழங்காலில் தட்டி, வாயில் வைத்தது. அதன் கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி. தும்பிக்கையை எப்படிப் பிடிப்பதென்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு தாளைப் பற்றி இழுத்து, நழுவவிட்டு, மறுபடியும் பற்றியது. சூரியன் எழுந்ததும் ஈர முதுகுகளிலிருந்து ஆவி கிளம்பியது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது; பயத்தால் அல்ல. இவ்வளவு பெரிய உயிர் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்தில் கேமரா ஒருமுறை சொடுக்கியது. இன்னொருமுறை.

அப்போதுதான் பரணிலிருந்து டின் அதிர்ந்தது. யானைகள் தலையைத் தூக்கின. மறுபக்கத்திலிருந்தும் சத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூட்டம் அவசரமில்லாமல் கீழ்க்கோடியைப் பார்த்துத் திரும்பி, போகிற வழியெல்லாம் தின்றுகொண்டும் மிதித்துக்கொண்டும் நடந்து, ஓடையைத் தாண்டி மறைந்தது.

நாங்கள் இறங்கி வந்தபோது நஞ்சப்பா கொல்லை நடுவில் நின்றிருந்தார். கீழ்ப்பாதி முழுவதும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

"ஏன் தட்டலை?" என்று கீழ்க்கோடியிலிருந்து ஏறி வந்த மனைவியைக் கேட்டார்.

"கை வரலை" என்றார் முனியம்மா.

நஞ்சப்பா குனிந்து சாய்ந்த கதிர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நாங்கள் மூவரும் மதியம் வரை கூடவே பொறுக்கினோம். கிளம்பும்போது முனியம்மா என் கையைப் பிடித்து, "நோட்டீங்களா அக்கா?" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார். பார்த்தேன் என்றேன்.

திங்கட்கிழமை மாலை, சேலம். ஸ்டூடியோ இருட்டறையில் நானும் நின்றேன். சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் பெரிய யானையின் முதுகு தெரிந்தது. பிறகு குட்டி, கதிர்கள், ஆவி. இத்தனை வருடம் அலைந்ததற்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட யோசனைதான் அதிகம் இருந்தது.

"நல்லாத்தானே வந்திருக்கு?"

"வந்திருக்கு. அங்க இருந்தது இதைவிடப் பெரிசு" என்றார்.

நான் தட்டின்மேல் குனிந்தேன். படத்தின் வலது ஓரத்தில், வேப்பங்கன்றை ஒட்டி ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இது முனியம்மா."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரிய யானை தும்பிக்கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். ஒரு கையில் டின், இன்னொரு கையில் குச்சி, இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. முகம் குட்டியைப் பார்த்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. தன் கொல்லை அழிவதைப் பார்க்கும் முகம் அல்ல அது.

"இவ அங்க நின்னதை நான் பார்க்கவே இல்லையே" என்றார். அதையே திரும்பவும் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

இனிமேல் போக வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் எனக்கு எங்கே போனதோ. எங்கள் தெருவில் தினமும் எத்தனையோ பேர் போகிறார்கள், வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேரை நான் பார்க்காமல் விட்டிருப்பேன் என்றுதான் நினைப்பு ஓடியது.

"அந்த நேரத்துல என் மூஞ்சி எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் படத்தைத் தண்ணீரில் அலசினார்.

"தெரியலையே சரோஜா" என்றார். "நான் யானையைப் பார்த்துட்டிருந்தேன்."