நடுப்பக்கம் திறக்கிற பாண்டீஸ்வரி

பாண்டீஸ்வரி புத்தகத்தின் அட்டையைப் பார்ப்பதில்லை. கையில் எடுத்ததும் கட்டைவிரலை நுழைத்து நட்டநடுவில் பிளக்கிறாள். நாலு வரி படிக்கிறாள், உதட்டைப் பிதுக்குகிறாள், திருப்பி வைக்கிறாள். போடி பஸ் நிலையத்தை ஒட்டிய புத்தகக் கடையில் ஆறு ஞாயிறாக இதே கூத்து.

பதினான்கு வருடமாக ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கிறவள். மூட்டையின் வாயில் பச்சைப்பசேலென்று பெருங்காய்கள் சிரிக்கும். உள்ளே கையை விட்டால்தான் நொறுங்கலும் பூச்சி விழுந்ததும் தெரியும். "மேலாப்புல இருக்கறத நம்புனா சோலி முடிஞ்சிரும்" என்பாள். புருஷனுக்குச் சட்டை எடுத்தாலும் அடுக்கின் நடுவிலிருந்துதான் உருவுவாள்.

அவள் தேடுவது மொபைல் ஆப் செய்யக் கற்றுத்தரும் ஆரம்பப் புத்தகம். அக்கா இருளம்மாள் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் வேலைக்குப் போகிறாள். விடியுமுன் சோற்றுத் தூக்கோடு ஜீப்புக்குக் காத்து நின்று, இன்று ஆள் வேண்டாம் என்பது ஜீப்பு வந்தபிறகுதான் தெரிந்து திரும்புகிற நாட்கள் வாரத்தில் இரண்டேனும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் சேதி புதைந்துபோகிறது. நாளை எந்த ஜீப்பு, எத்தனை பேருக்கு இடம் என்று முந்தின சாயங்காலமே போனில் தெரிந்துவிட்டால் போதும். முட்டி வலியோடு அக்கா நிற்பதை நினைத்தால் இவளுக்குச் சோறு இறங்காது. அக்கா மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பும் தயாராக இருக்கிறது.

கடைக்கார அருள்பாண்டி எடுத்துக் கொடுத்த ஒன்பது புத்தகத்தையும் கழித்துவிட்டாள். ஒன்றின் நடுப்பக்கமும் புரியவில்லை. பிளஸ் டூவோடு நின்ற தனக்கு இதெல்லாம் எட்டாது என்று போன வாரம் வீட்டில் அழுதே விட்டாள். அன்றும் வேலையில்லாமல் திரும்பியிருந்த இருளம்மாள் தூக்கைக் கழுவியபடி கேட்டாள்.

"ஏன்டி, குடோனுக்குப் புதுசா வர்ற பிள்ளைய மொத நாளே மூட்டைக்குள்ள கைய விடவா சொல்வீங்க? ஒரு வாரம் காம்புதான கிள்ளச் சொல்வீங்க?"

இந்த ஞாயிறு கடைக்கு வந்த பாண்டீஸ்வரி, முதன்முதலில் கழித்த புத்தகத்தையே கேட்டு வாங்கினாள். முதல் பக்கத்தைப் படித்தாள். புரிந்தது. இரண்டாம் பக்கமும் புரிந்தது. மூன்றாவதைப் புரட்டும்போதே கட்டைவிரல் தன் போக்கில் நடுவுக்கு நகர்ந்தது.

"தம்பி, ஒரு முழம் சணல் கொண்டா" என்றாள் அருள்பாண்டியிடம். பதினைந்தாம் பக்கத்துக்கு அப்புறம் உள்ளதையெல்லாம் பின்னட்டையோடு சேர்த்து வளைத்து, லோடு ஏற்றும் மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.