சிவப்பு நூலில் நாற்பத்தொன்று

வெள்ளைத் தலையணை உறையின் மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, சிவப்பு நூலில் 41 என்று தைத்திருக்கும். அம்மாவின் தையல். நான் தைத்தது கோணிக்கொண்டு போகும். அவள் தைத்ததை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முடிச்சு கண்ணில் படாது. சிங்கப்பூரில் ஒரு கல்லூரி எனக்குக் கொடுத்த சேர்க்கை எண் அது. விடுதியில் டோபிக்குப் போடும் துணிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்க, கொண்டுவரும் ஒவ்வொரு துணியிலும் அந்த எண்ணைத் தைத்துவர வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்படி யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தத் தையல்தான் ஞாபகம் வரும். கெட்டதாகச் சொல்லச் சொன்னாலும் அதுதான்.

அப்போது நாங்கள் சிங்கப்பூரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பா ரயில்வே ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்து, ஜனங்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. யார் வேலை எப்போது போகும் என்று தெரியாத அந்த நேரத்தில்தான் நான் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான சீனியரில் தேறினேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, பெரிய மிஸ் என்போம், வெள்ளைக்காரி. அவரே விண்ணப்பத்தை வாங்கி, அவரே சிபாரிசு எழுதி அனுப்பினார். இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தபோது குடியிருப்பே திரண்டு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. அம்மா எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கடிதத்தோடு, நிரப்பி அனுப்ப ஒரு பாரமும் வந்தது. பெண்கள் தங்க இரண்டு விடுதிகள், எது வேண்டுமோ எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தார்கள். ஒன்று கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மாடிக் கட்டடம், அறைக்கு இரண்டு பேர். மற்றது பட்டணத்துக்குள் கன்னியாஸ்திரீகள் நடத்துவது. ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், ஆனால் சைவச் சாப்பாடு தனியாக உண்டு. அப்பா பாரத்தை என் கையில் கொடுத்து, "ஒனக்கு எது தோதுப்படுதோ அதையே எழுதும்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அடேயப்பா, எனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! ஒரு வாரம் யோசித்தேன். கல்லூரி விடுதியில் ஆளுக்கு ஒரு மேசையும் விளக்கும் உண்டு என்று எழுதியிருந்தது. அதுவரை நான் படித்ததெல்லாம் அம்மா மாவு பிசையும் பலகையை மடியில் வைத்துக்கொண்டுதான். எனக்கென்று ஒரு மேசை. அதற்காகவே சைவச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். இருக்கிற கையெழுத்திலேயே நல்ல கையெழுத்தில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். "ஆபீஸ் போற வழியில தபால்ல போட்டுடறேன்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு ஐந்து வாரம் வீடு தையல் கடையாக இருந்தது. கொண்டுவர வேண்டிய சாமான்களுக்கு நீளமாக ஒரு பட்டியல். படுக்கை விரிப்பு ஆறு, தலையணை உறை நான்கு, கொசுவலை ஒன்று, சாப்பிடும்போது மடியில் போட்டுக்கொள்ளத் துணி ஆறு. இந்தக் கடைசிச் சமாசாரத்தைக் கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்டி, மடியில சிந்துற வயசா ஒனக்கு?" மத்தியானம் அவள் பாத்திரம் கழுவி முடித்ததும் இருவரும் ஆளுக்கொரு ஊசியோடு பாயில் உட்கார்ந்துவிடுவோம். நான் பாட்டாகப் பாடுவேன். ஹாஸ்டலில் அப்படி இருப்பேன், இப்படி இருப்பேன் என்று ஓயாமல் பேசுவேன். அவள் ஊம் கொட்டிக்கொண்டே தைப்பாள். ஆறு விரிப்பை எட்டாக்கினாள், இருக்கட்டும் என்றாள். மெத்தைக்கு இலவம்பஞ்சு அடைக்கச் சீனன் வந்தபோது, பட்டியலில் இருந்த அளவைவிட ஒரு முழம் அகலமாகத் தைக்கச் சொன்னாள். "அங்க கட்டில் சின்னதும்மா" என்றேன். "தாராளமா பொரண்டு படுக்கலாம், இரு" என்றாள். எனக்கு உறைக்கவில்லை. பரீட்சையில் தேறியவள் நான்!

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடைத்தெருவில் பெரிய மிஸ்ஸைப் பார்த்தேன். வழக்கம்போல் சிரிக்கவில்லை. நான் கல்லூரிக்குப் போக விரும்பவில்லை, கல்யாணம் செய்துகொள்ளவே ஆசைப்படுகிறேன் என்று அப்பா கல்லூரிக்கு எழுதிவிட்டாராம். அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். என்னிடமாவது ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம் என்று இங்கிலீஷில் வருத்தப்பட்டார். கடிதம் எப்போது போனது என்று கேட்டேன். ஆறு வாரத்துக்கு முன்பே என்றார். எந்த விடுதி, எந்த விடுதி என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த அதே வாரம்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா எட்டாவது விரிப்பின் மூலையில் நான்கைத் தைத்து முடித்து ஒன்றில் இருந்தாள். "அப்பா எழுதிப் போட்டது ஒனக்குத் தெரியுமா?" அவள் தலை நிமிரவில்லை. ஒன்றையும் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கை கால் கழுவிட்டு வந்து சாப்பிடு. கிள்ளான்காரங்க வெள்ளிக்கிழமை ஒன்னப் பொண்ணு பாக்க வராங்க" என்றாள்.

அப்பா சாயங்காலம் என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வேலையில இருக்கிற பையன்மா. இந்தக் காலத்துல அதுக்கு மேல என்ன வேணும்?" அவ்வளவுதான் அவர் சொன்னது. கத்தினேன், அழுதேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் சண்டை பிடித்து வாங்க அங்கே என்ன மிச்சமிருந்தது? என் மேசையில் வேறொருத்தி புத்தகம் அடுக்கப் போகிறாள்.

கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டேன். அவர் பக்கத்துத் தோட்டத்தில் கிராணி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை கண்டுபிடிக்கிற அளவுக்கு அவரை நான் கவனித்ததே இல்லை. எட்டு விரிப்பும் நான்கு உறையும் அகல மெத்தையும் என்னோடு வந்தன. "இது என்ன நம்பர்?" என்று மாமியார் கேட்டார். டோபிக்கு அடையாளம் என்றேன். இவ்வளவு முன்யோசனையோடு பெண்ணை அனுப்பியிருக்கிறார்களே என்று சம்பந்தியம்மாவை மெச்சிக்கொண்டார். அந்த நம்பரின் மேல்தான் மூன்று பிள்ளைகளையும் பெற்றேன்.

அப்பாவை எப்போதோ விட்டுவிட்டேன். வேலை போய்விடுமோ என்று பயந்து நடுங்கிய மனிதர், அவரிடம் என்ன கோபம்? அம்மாவை விட முடியவில்லை. அவள் ஏன் ஐந்து வாரம் என் எதிரே உட்கார்ந்து தைத்தாள்? அதற்கு நானே ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தேன். மகள் பாடிக்கொண்டிருக்கிறாள், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை, பாவம், தாய்தானே என்று. அந்த ஒரு நினைப்பில்தான் பல வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்பா போன பிறகு அவள் என்னிடம் வந்து இருந்தாள். கண் மங்கிவிட்டது. ஒரு மத்தியானம் அவளுக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "காலேஜ் இல்லன்னு ஒனக்கு அப்பவே தெரியுமே. தெரிஞ்சுகிட்டே ஏம்மா எங்கூட ஒக்காந்து அதையெல்லாம் தச்ச?"

இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாளே என்பதுபோல் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"கல்யாணத்துக்குன்னு சொல்லியிருந்தா நீ ஊசியத் தொட்டிருப்பியாடி?"

தொட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் எனக்கு என்ன வேண்டும் என்பதை அந்த வீட்டில் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.