வாலில் நான் படித்த எழுத்து

குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சும் வாடை எங்காவது மூக்கில் பட்டால், மற்றவர்களுக்குத் தோணி நினைவுக்கு வரும். எனக்குப் பாம்பனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோவதற்கு ஐந்தாறு வருடம் முந்தி, எனக்குப் பத்து வயது. என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிற அத்தா, மிட்டாய்க் கடையை மூடியபோது, அல்வா வைத்திருந்த அந்தப் பெரிய பெட்டி வீட்டுக்கு வந்தது. மீன் வளர்க்கணும் என்று நான் பிடித்த பிடிவாதத்தில், அதன் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, தோணிக்குப் பூசுவதுபோலக் குங்கிலியம் பூசி, கடல்தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்.

மாமா பாறைப் பக்கம் இறக்கியிருந்த மீன்கூட்டில் அகப்பட்டது அந்த மீன். ஒரு சாணுக்குக் குறையாது. கருநீல உடம்பில் வெள்ளையும் நீலமுமாக வளைந்த கோடுகள். ஏஞ்சல் மீன் என்ற பெயரெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது; எங்களுக்கு அது வெறும் 'வண்ணமீன்'.

மூன்றாம் நாளே அத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பினால் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும் மீனைப் பார்த்துவிட்டு, "பாவம்மா அது. கடல்ல கெடந்தத கடல்லயே விட்டுருவோம்," என்றார். அது போய்விடக் கூடாது என்ற ஒரே வெறியில் நான் சொன்னேன்: "அத்தா, அது வால்ல அல்லாஹ்ன்னு எழுதியிருக்கு."

ஓதுகிற பள்ளியில் அப்போதுதான் அரபு எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன். வாலில் இருந்தவை கிறுக்கல் கோடுகள், எழுத்தே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதிலேயே தோணி ஏறி, பிற்பாடு கடை போட்ட அத்தாவுக்கோ ஓதத் தெரியாது. பெட்டியின் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எனக்கு என்னம்மா தெரியும். நீ ஓதுற புள்ள, நீ சொன்னாச் சரிதான்," என்றார்.

அப்புறம் மீனை விடுகிற பேச்சே எழவில்லை. தெருப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பார்க்க வந்தார்கள். ஓதத் தெரிந்தவர்கள்கூட, நான் விரலால் காட்டிய பிறகு, ஆமாம் என்றார்கள். 'நசீபு உள்ள வீடு', அதிர்ஷ்டக்கார வீடு என்று பேர் வாங்கிவிட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆரம்பத்தில் தினமும் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுக் கடல்தண்ணீர் ஊற்றினேன். சித்திரை வெயிலில் சலித்துப்போய், வற்றிய அளவுக்கு மட்டும் ஒரு குடம் கடல்தண்ணீர் ஊற்றி நிரப்பத் தொடங்கினேன். நல்ல தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கிற ஊரில், அதை மீனுக்கு ஊற்ற யாருக்குத் தோன்றும்? பெட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தது. அம்மா அதைச் சுரண்டி எடுப்பாள். ஒருத்தருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. மீன் இரை எடுக்காமல் ஒருக்களித்துச் சாய்ந்த காலையில், பதறிப்போய் இன்னொரு குடம் கடல்தண்ணீரை ஓடிப்போய் மொண்டு வந்து ஊற்றினேன். மத்தியானம் அது மிதந்தது.

அத்தா தன் புது வெள்ளைத் துண்டில் அதைச் சுற்றினார். அல்லாவின் பெயர் உள்ளதை மண்ணில் போடக் கூடாது என்று, வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் விட்டார். திரும்பி வந்து, "விடணும்னு நெனச்சேன். விடாமக் கொன்னுட்டேனே," என்று அழுதார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பிற்பாடு அறிவியல் ஆசிரியையாக, தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தில், மீனைக் கொன்றது அந்த உப்புதான் என்று நினைத்துக்கொள்வேன். உப்பாவது தெரியாமல் செய்தது. அத்தா கண்ணை மூடி மவுத்தாகும்வரை, தொழுது முடித்துக் கை ஏந்தும்போதெல்லாம் அந்த மீனுக்காகவும் மன்னிப்புக் கேட்டார். அது எனக்குத் தெரிந்தே நடந்தது.

இன்று அத்தா இல்லை, அந்த வீடும் இல்லை. மாமா கூடு இறக்கிய பாறையில் அப்படிப்பட்ட மீன் இப்போது படுவதில்லை என்கிறார்கள். போன மாதம் மதுரையில், ஒரு கடையின் கண்ணாடித் தொட்டியில் அதே மீனைக் கண்டேன். பேத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டி, "நன்னி, வால்ல என்னமோ எழுதியிருக்கு பாருங்க," என்றாள்.

"ஒண்ணும் எழுதலம்மா. வெறும் கோடுதான்," என்றேன்.

அவள் சரியென்று அடுத்த தொட்டிக்குப் போய்விட்டாள். அன்றே உள்ளதைச் சொல்லியிருந்தால், அத்தாவும் அப்படித்தான் சரியென்றிருப்பார்.