பெரியப்பாவின் பாதப் பரீட்சை

என் பெரியப்பா துணி மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். தன்னைத் தவிர எவனுக்கும் வேலை தெரியாது என்பது அவருடைய அசைக்க முடியாத முடிவு. சர்க்கரை நோயில் பாதங்கள் மரத்துப்போய், நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்ததும் பெரியம்மா அவரைப் பிசியோதெரபிக்கு இழுத்துப் போனார். துணைக்கு நானும் போனேன்.

சிகிச்சை தரும் பெண் அவரைப் படுக்கவைத்து, "கண்ணை மூடிக்கோங்க சார். பாதத்துல இந்த நைலான் இழை படுறது தெரிஞ்சா சொல்லுங்க," என்றாள்.

மனிதர் மூடியதுபோல் மூடி, இமையிடுக்கில் பார்த்தார். "இப்ப கட்டைவிரல். இப்ப குதிகால்," என்று சரியாகச் சொல்லிவிட்டு, பெரியம்மாவைப் பார்த்துப் பெருமையாகப் புருவத்தை வேறு தூக்கினார்.

அந்தப் பெண் அவர் கண்மேல் ஒரு துண்டைப் போட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்று, "இப்ப சார்?" என்றாள்.

"சுண்டுவிரல்!"

"நான் தொடவே இல்லையே."

பெரியப்பா துண்டை வீசிவிட்டு எழுந்தார். "ஒண்ணும் தெரியாத பொண்ணு!" என்று கத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். தெருமுனை வரை வீறாப்பாக நடந்தவரைப் பெரியம்மா நிறுத்தினார்.

"ஏங்க, ஒரு கால்ல செருப்பையே காணோம். அதாவது தெரியுதா?"

குனிந்து பார்த்தார். கழன்ற செருப்பு வெகுதூரம் பின்னால், நடுத்தெருவில் கிடந்தது. எடுத்துக்கொடுத்தது நான்தான்.

அடுத்த வாரமே அதே பெண்ணிடம் போய், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்று பழகினார். இப்போது தள்ளாட்டம் நன்றாகக் குறைந்திருக்கிறது. கேட்டால், தானாகவே சரியாகிவிட்டதாம்.