மாடத்தில் வைத்த உறை

அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்ததும் ஃபுசாயே முதலில் திறப்பது மிசோ என்கிற உப்புச் சோயா விழுதில் வைத்த சூப் சட்டியின் மூடியைத்தான். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் உப்பு மீட்டரை அதில் முக்குவாள். எண் ஏறி ஓரிடத்தில் நிற்கும்வரை மூச்சு விடமாட்டாள்.

"ஒண்ணு புள்ளி நாலு! இது சூப்பா, கடலா? யானோ சான், உங்க வீட்டுக்காரர் மேல அப்படி என்ன கோபம்?"

சொல்லிவிட்டு அதே வீட்டில் உட்கார்ந்து, டீயோடு வைக்கும் உப்பில் ஊறிய கீரையை ஒரு தட்டு காலி செய்வாள். யாராவது முறைத்துப் பார்த்தால், "இது கணக்குல வராது. இது மரியாதைக்குச் சாப்பிடறது" என்பாள். இன்னும் கொஞ்சம் மரியாதை வேண்டும் என்று தட்டையும் நீட்டுவாள்.

அவள் வருகிற நாள் தெரிந்தால் கமிசவா கிராமத்தில் நாற்பத்து மூன்று வீட்டிலும் சூப்பில் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். ஃபுசாயேவுக்கா தெரியாது? செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று வீடுவீடாகச் சுற்றும் அறிவிப்புப் பலகையில் எழுதி அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமையே வாசலில் நிற்பாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட ஏப்ரன், பிடரியை மறைக்கும் துணி வைத்த தொப்பி. தோளில் தொங்கும் பையில் மலப் பரிசோதனைக்கான சின்னக் குப்பிகள்.

குப்பியைக் கொடுக்கும்போது அவள் சொல்லும் வாசகம் ஊருக்கே மனப்பாடம்: "ரெண்டு நாள் எடுக்கணும். ஒரு நாள் எடுத்ததை ரெண்டாப் பிரிச்சு வெச்சுட்டு ரெண்டு தேதி போடக்கூடாது. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க." எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்கத் துணியவில்லை.

சுகாதாரத் தொண்டர் என்கிற இந்தப் பொறுப்பு ஜப்பானில், நாகானோவின் இந்த மலைச்சரிவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும். இரண்டு வருடம் முடிந்ததும் மற்ற பெண்கள் அப்பாடா என்று மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஃபுசாயே நான்காவது முறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள். வயது அறுபத்தாறு. கணவர் தோகுஜி போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. பொழுது போகாமல் அலைகிறாள் என்று பேசுகிறவர்கள் உண்டு. பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் அவளும் விட்டிருக்கிறாள்.

பரிசோதனை பஸ் சமூகக்கூடத்து வாசலுக்கு வரும் நாளில் முதலில் ஏறுவது அவள்தான். ஊரில் ஆண்கள் பத்து நாளைக்கு முன்பே மதுவை நிறுத்திவிட்டுப் பச்சைக் குழந்தை மாதிரி நடந்துகொண்டு, பஸ் கிளம்பிய அன்று மாலையே விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பார்கள். ஃபுசாயேவுக்கு அந்த நாடகம் தேவையில்லை. அவளுடைய ரத்தம், சிறுநீர், கண், காது எல்லாமே நல்ல பிள்ளைகள். எலும்பின் உறுதி நாற்பது வயதுக்காரியுடையது. "நீங்க நூறைத் தொட்டுடுவீங்க" என்று இந்த வருடமும் நர்ஸ் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அரிசியைக் கழுவி மின்சாரக் குக்கரில் வைத்தாள். ஒரு ஆளுக்கான அளவு, குக்கரின் அடியைக்கூடச் சரியாக மூடாது. சோறு வெந்ததும் குக்கர் தன் சின்னப் பாட்டைப் பாடியது. "நூறுன்னா இன்னும் முப்பத்தி நாலு வருஷம்," என்று ஃபுசாயே அதனிடம் சொன்னாள். "அத்தனை வருஷமும் உன் பாட்டையேவா கேட்டுட்டு இருக்கறது?"

அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. மூன்று மணி டீயை எதிரில் ஒருவர் உட்கார்ந்து குடிக்க வேண்டும். 'சூடா இருக்கு' என்றால் 'ஆமாம், சூடாத்தான் இருக்கு' என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். மேட்டுத் தோட்டத்து மருமோ. சுற்றில் அவர் வீட்டைக் கடைசியாக வைத்திருப்பது அங்கே கூடக் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றுதான். அந்த வீட்டு வேலிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றித் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வாள். இதை ஊரில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

மருமோவுக்கு எழுபது வயது. மனைவி மியாகோ இறந்ததிலிருந்து ஒன்பது வருடமாக அவர் பஸ் பக்கமே வந்ததில்லை. ஃபுசாயே தலை தெரிந்தால் ஏணி மேலிருந்தே, "உப்பு போலீஸ் வந்தாச்சு! சட்டியை ஒளிச்சு வைங்க!" என்று ஆப்பிள் மரங்களுக்குச் சத்தம் கொடுப்பார். பஸ் பேச்சை எடுத்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

"யாருக்காக நான் நூறு வயசு இருக்கணும், ஃபுசாயே சான்?"

அவள் எட்டு வருடமும் அதற்குப் பதில் வைத்திருந்தாள். ஒருமுறைகூட வாயில் வந்ததில்லை.

இந்த வருடம் அக்கம்பக்கக் குழுவின் தலைமை முறைப்படி மருமோ வீட்டுக்கு வந்தது. பஸ்ஸுக்கு இடம் ஒழுங்கு செய்வது, நாற்காலி போடுவது, பெயர் கூப்பிடுவது எல்லாம் தலைவர் வேலை. பெயர்ப் பட்டியலில் முதல் பெயராக மருமோ என்று எழுதி, அதை நாற்பத்து மூன்று வீட்டுக்கும் சுற்றுக்கு அனுப்பினாள் ஃபுசாயே. ஊரையே ஏற்றிவிட்டுத் தலைவர் மட்டும் கீழே நிற்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். வயிற்றைப் படமெடுக்கக் கொடுக்கும் வெள்ளைப் பேரியக் கரைசலைக் கோப்பை கோப்பையாகக் குடித்தார். "ஏப்பம் விடாதீங்க!" என்று ஒலிபெருக்கி அதட்ட, மேசை அவரைத் தலைகீழாகச் சாய்த்துப் புரட்டியது. இறங்கும்போது மீசையெல்லாம் வெள்ளை.

"சிமெண்டைக் குடிக்க வெச்சு, நான் ஆப்பிளைத் திருப்பற மாதிரி என்னைத் திருப்பிட்டானுங்க. எந்தப் பக்கம் செவக்கணும்னு நெனைச்சானுங்களோ!"

ஃபுசாயே அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முடிவுகள் அக்டோபர் கடைசியில் தபாலில் வரும். என்ன வந்தது என்று கேட்கத் தொண்டருக்கு உரிமையில்லை. உறை வந்ததா, பிரித்தீர்களா என்று மட்டும் கேட்கலாம். அப்படிக் கேட்டுக்கொண்டே மேட்டுத் தோட்டத்துக்கு வந்தாள். மருமோ ஏணியில் நின்று, வெயில் படாத பக்கமும் சிவக்கட்டும் என்று ஒவ்வொரு பழமாகக் காம்போடு திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அறுவடைக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

உள்ளே போனால் முதலில் செத்தவர்களைக் கும்பிடும் கதவு வைத்த முன்னோர் மாடத்துக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். ஃபுசாயே ஊதுபத்தி ஏற்றி, மணியைத் தட்டி, மியாகோவின் படத்துக்குக் கைகூப்பினாள். நிமிர்ந்தபோது படத்தின் காலடியில் உறையைப் பார்த்தாள். பிரிக்காத உறை. பக்கத்தில் இந்த வருடத்து முதல் ஆப்பிள்.

அந்த உறை தடியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறவர்களுக்கு ஒரே தாள் வரும். மேல் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கான கடிதமும் சேர்ந்து வரும். எட்டு வருடத்தில் அவள் விரலுக்கு இல்லாவிட்டாலும் கண்ணுக்கு அந்தத் தடிமன் பழக்கம்.

மருமோ டீயும் கீரையும் கொண்டுவந்து வைத்தார்.

"உறை வந்து எத்தனை நாளாச்சு?"

"பன்னிரண்டு நாள். எது வந்தாலும் முதல்ல மியாகோ பார்க்கணும், அதான் எங்க வீட்டு வழக்கம். பேரன் மார்க்கு ஷீட்டுகூட அங்கதான் போகும். அறுவடை முடியட்டும், அப்புறம் நான் பார்க்கறேன்."

"மருமோ சான், அதை இப்பவே பிரிங்க."

"ஓ! போலீஸ் தபாலையும் பிரிக்க ஆரம்பிச்சாச்சா?"

ஃபுசாயே கீரையைத் தொடவில்லை. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு குறைந்தது.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான் ஒண்ணு வந்துச்சு," என்றாள். "இதே மாதிரி அறுவடைக்கு முன்னாடி. செத்துப்போன தன் அப்பா முதல்ல பார்க்கட்டும்னு தோகுஜி மாடத்துல வெச்சார். நான் தினமும் காலையில அங்க சோறு வெப்பேன். அந்த உறை மேல தூசி இருந்தா துடைப்பேன். துடைச்சுத் துடைச்சு வெச்சேன், பிரிக்கலை. அவர் பேர் போட்ட தபாலை நான் எப்படிப் பிரிக்கறதுன்னு. அப்புறம் ஆப்பிள் வந்துச்சு, பனி வந்துச்சு, ஒருநாள் அது பின்னாடி சரிஞ்சு விழுந்துச்சு. ரெண்டு பேரும் மறந்துட்டோம். அவர் போயி நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்கு மாடத்தைக் காலி பண்ணித் துடைக்கறப்பதான் கையில கெடைச்சுது. ரெண்டு வாரத்துக்குள்ள வயிற்றுக்கு மறுபரிசோதனை பண்ணிக்கணும்னு எழுதியிருந்துச்சு."

நாற்பத்து மூன்று வீட்டில் எந்த வீட்டிலும் அவள் இதைச் சொன்னதில்லை. மருமோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதுல அப்படித்தான் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஒண்ணுமில்லாமலும் போகலாம், பல பேருக்கு அப்படித்தான் போகுது. ஆனா இது ஒரே தாள் இல்ல."

வெளியே தரையில் விரித்த வெள்ளி நிறப் பாய்கள் வெயிலை மரங்களுக்குள் திருப்பி அடித்துக்கொண்டிருந்ததை மருமோ பார்த்தார். "அப்படியே ஏதாவது இருந்தாத்தான் என்ன? நான் மியாகோகிட்டதானே போகப்போறேன்."

"அவங்ககிட்ட என்னைக்கு வேணும்னாலும் போகலாம். அவங்க எங்கயும் போயிடமாட்டாங்க." ஃபுசாயேவின் குரல் உயர்ந்தது, அவளுக்கே அது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "யாருக்காக இருக்கணும்னு வருஷா வருஷம் கேட்டீங்களே. எனக்காக இருங்க. மூணு மணி டீக்கு எனக்கு நீங்க வேணும். எனக்கு நூறு வயசுன்னு சொல்லிட்டாங்க, மருமோ சான். தனியா என்னால முடியாது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காதுமடல் வரை சூடாக இருந்தது. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு பேச்சா என்று எழுந்து ஓடத் தோன்றியது. பூட்ஸ் போட்டுக்கொள்ள நேரமாகுமே என்றுதான் உட்கார்ந்திருந்தாள்.

மருமோ எழுந்து மாடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தார். மியாகோவின் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மாடத்தின் இடது கதவைச் சாத்தினார். வலது கதவையும் சத்தமில்லாமல் சாத்தினார்.

"அவ சும்மாவே கவலைப்படறவ," என்றார். "இதை அவ கேக்க வேண்டாம்."

முழங்காலிலேயே ஃபுசாயே பக்கம் திரும்பி, உறையை இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.