கழுவாத பாசி

என் கால் மெட்டியை அறுத்துத்தான் எடுத்தார்கள். ஆசாரி அதில் கத்தரியை வைத்தபோது என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புருஷன் இருக்கும்போது மெட்டியை அறுப்பதா என்பது அவர் கவலை. விரல் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்பது என் கவலை. எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம் அது.

காலையில் இமைகள் தடித்திருக்கும். சாயங்காலம் அந்த வீக்கம் காலுக்கு இறங்கிவிடும். சிறுநீரில் சோப்புத் தண்ணீர்போல நுரை வந்தது. அருப்புக்கோட்டையில் எந்த நோய்க்கும் முதல் பழி வெயில்மேல்தான் விழும். நானும் மோரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

மதுரையில் பார்த்த டாக்டர், ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடமே பேசினார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“டாக்டர், நோயி எனக்கு. எங்கிட்டச் சொல்லுங்க” என்றேன்.

அவர் கொஞ்சம் திகைத்து, பிறகு என் பக்கம் திரும்பினார். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றார். “ரெண்டு கிட்னியும் சேந்து மூணுல ஒரு பங்கு வேலதாம்மா பாக்குது. போனது வராது. இருக்கறதக் காப்பாத்தணும். அதுவும் போயிட்டா டயாலிசிஸ்தான்.” டயாலிசிஸ் என்றால் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றித்தான் பேச்சு.

சமையல் மாறியது. ஊறுகாயும் கருவாடும் போயின. இளநீர் கூடாது. காயை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் (காய்கனிகளில் இருக்கும் ஒரு தாதுச்சத்து, பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது, மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும்) அந்தத் தண்ணீரோடு போகும் என்றார் டாக்டர். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்தார்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சொல்ல வைத்தியம் இல்லாதவர்கள் விதி என்றார்கள். “விதி வரட்டும் மதினி, நான் வீட்டுலதான இருக்கேன்” என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இனி பாசிக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் கடற்பாசி வியாபாரி. ஏர்வாடிப் பக்கம் கடலில் இறங்கிப் பெண்கள் பறித்துக் காயவைக்கும் பாசியை வாங்கி, கமுதி, திருச்சுழி வழியாக லாரியில் பாளையம்பட்டிக் குடோனுக்குக் கொண்டுவந்து, பிறகு ஆலைகளுக்கு அனுப்புவார். சுற்றிலும் கரிசல் காடு, பருத்தி, மல்லி. நடுவில் எங்கள் குடோனில் மட்டும் கடல் வாடை அடிக்கும்.

ஏர்வாடிக் கடற்கரைக்கு ஓர் ஆராய்ச்சிக்காரர் ஆய்வு மாதிரிக்காகக் கொஞ்சம் பாசி வாங்க வருவார். கட்டக்கோரை என்று நாங்கள் சொல்லும் பழுப்புப் பாசியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, சிறுநீரகம் கெட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதாக என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறார். சிலவற்றுக்கு வீக்கம் குறைகிறதாம். இவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே ஒரு சிப்பம் கட்டக்கோரையோடு வந்து இறங்கினார்.

“ஊரு ஒலகமெல்லாம் மருந்து தேடுது. மருந்து நம்ம குடோன்லயே கெடந்திருக்கு, பாத்தியா?”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்தே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்கும் ஆசை வந்தது. இயந்திரத்துக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்றால் யாருக்குத்தான் வராது? அவரே அடுப்பில் வைத்து, பாசியின் சாறு இறங்கித் தண்ணீர் பழுப்பாகும்வரை காய்ச்சி, வடிகட்டித் தருவார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தொடை இரண்டும் மணல் மூட்டையாகக் கனத்தன. உதடு மரத்தது. நெஞ்சு அடித்து அடித்து, நடுவில் ஓர் அடியை விட்டுவிடும். வாசலில் லோடு ஏற்ற நின்ற லாரியிலேயே என்னை மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

நெஞ்சில் ஒயரை ஒட்டி எடுத்த தாளைப் பார்த்ததும் டாக்டர் ஓடினார். ஊசி போட்டார்கள். அன்றே இயந்திரத்தில் மாட்டினார்கள். கண் தெளிந்தபோது டாக்டர் என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“காய் வெந்த தண்ணியையே கீழ ஊத்தச் சொன்னேன். நீங்க சமுத்திரத்தையே காய்ச்சிக் குடுத்திருக்கீங்க. அதுல இருக்கற உப்பும் பொட்டாசியமும் கொஞ்சமா? கழுவவாவது செஞ்சீங்களா?”

“முதல் தரச் சரக்கு சார். கழுவுனா எடை போயிருமே.”

வியாபாரத்தில் அது உண்மைதான். பாசியில் ஒட்டியிருக்கும் உப்பும் எடையோடுதான் சேரும். நல்ல தண்ணீரில் அலசினால் மூட்டை இளைத்துவிடும். அதனால் எந்த வியாபாரியும் அலசமாட்டான். இவர் எனக்கென்று பொறுக்கி எடுத்து வந்தது, இருந்ததிலேயே கனமான சிப்பம். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. என் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கஷாயத்தோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அது திரும்பவே இல்லை, இயந்திரம்தான் நிரந்தரமானது. ஆனால் தரையில் உட்கார்ந்திருந்த மனிதரைத் திட்டி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் என்னைக் கொல்லப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த தராசில் என் உயிரை நிறுத்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பாசி வியாபாரத்தை விடுகிறேன் என்றார். இருந்த மூட்டைகளைக் கண்மாயில் கொட்டக் கிளம்பினார்.

“பாசி என்ன பண்ணுச்சு?” என்றேன். “எலிக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஏன் ஒத்துக்கலைன்னு நான் கேக்கணும். என்னை அந்த ஆராய்ச்சிக்காரர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

“இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா?”

“வேற ஒடம்பு எங்கிட்ட இல்ல.”

ஆராய்ச்சிக்காரருக்கு முப்பது வயதிருக்கும். நடந்ததைக் கேட்டு அவர் முகம் வெளுத்துப்போனது. “அம்மா, நான் சொன்னது வேற. பாசிய நல்ல தண்ணியில பல தடவ அலசி, உப்ப எடுத்து, அதுல ஒரே ஒரு பொருள மட்டும் பிரிக்கிறோம். ஒரு சிப்பம் போட்டா ஒரு கைப்பிடிப் பொடிகூட வராது. அதையும் எலிக்குத்தான் குடுக்கறோம். எல்லா எலியும் பொழைக்கறதில்ல. மனுஷங்களுக்கு ஆகுமான்னு யாருக்கும் தெரியாது.”

“எப்பத் தெரியும் தம்பி?”

“பத்து வருசம் ஆகலாம், இருவது ஆகலாம். ஆகாமயும் போகலாம்.”

அதுவரை யாரும் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. ஏனோ எனக்குத் தெம்பு வந்தது. “நீங்க பாக்கற வேலயப் பாருங்க. நான் இருக்கற வேலயப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பாசி வரும் பருவத்தில், அந்த ஆராய்ச்சிக்கென்று ஒரு சிப்பம் கட்டக்கோரையை நானே அலசிக் காயவைத்து அனுப்புவேன். குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். எங்கள் ஊரில் குழாய் வருகிற லட்சணத்துக்கு இது கொழுப்புத்தான். ஒரு சொம்புத் தண்ணீரை நாள் முழுக்க வைத்துக் குடிக்கிறவள், பாசிக்கு மட்டும் அள்ளி அள்ளி ஊற்றுகிறாளே என்று தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பொடி எனக்கு வந்து சேராது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் மெட்டியை அறுக்கப்போகிற ஒருத்திக்கு வந்து சேரலாம்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் யாராவது எலி பிழைத்த கதை சொல்வார்கள். கேளுங்கள். நம்பிக்கையோடே கேளுங்கள். ஆனால் அடுப்பில் எதையும் ஏற்றுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் மதுரை பஸ். என் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள், ஊசி ஏற்ற வசதியாக. அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே அதிர்கிறது. பாளையம்பட்டியில் விசைத்தறி ஓடும் வீட்டின் சுவரைத் தொட்டதுபோல. அது ஓடுகிறதா என்று காலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். முன்பெல்லாம் அடுத்த தீபாவளி, அதற்கடுத்த பொங்கல் என்று நாள் பார்ப்பேன். இப்போது எனக்குக் காலம் என்பது இந்த ரத்தக் கழுவலுக்கும் அடுத்த கழுவலுக்கும் நடுவில் இருப்பது. அதற்குள் சமைக்கிறேன், சண்டை போடுகிறேன், பாசி அலசுகிறேன்.

இயந்திரத்தில் படுக்கும் முன்பும் எழுந்த பின்பும் எடை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று அதில் தெரியும். ஆயுள் முழுக்க எடை குறைந்தால் முகம் சுண்டுகிற மனிதர் என் வீட்டுக்காரர். போன வாரம் தராசு முள்ளையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“எவ்வளவுங்க?” என்றேன்.

“நல்லாக் கொறஞ்சிருக்கு செல்வி” என்று சிரித்தார். “நல்லாக் கழுவியிருக்காங்க.”