பழுது எந்தப் பக்கம்?

"நம்ம பக்கம் பழுதுன்னு இந்தப் பதிவேட்டுல எழுதறதுக்கு இன்னும் பேனாவே செய்யலீங்க" என்று டெக்னீஷியன் நாச்சிமுத்து, ஆய்வுக்கு வந்த எஞ்சினியரிடமே சொன்னார். அது 1986-ஆம் வருஷம். சொன்னதில் பொய் இல்லை. சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், இலாகாவின் மானம் கருதி நான் பெயர் சொல்லாத ஊரில், அவருடைய எக்ஸ்சேஞ்சின் பழுதுப் பதிவேடு பதினாறு வருஷமாக எதிர்முனையின் குற்றப்பட்டியலாகவே இருந்துவந்தது.

அங்கே அப்போதுதான் பி.சி.எம். வந்திருந்தது. முப்பது பேர் பேசுவதை எண்களாக நறுக்கி, போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று இரண்டே ஜோடிக் கம்பியில் அனுப்பும் வித்தை. வழியில் மைலுக்கு ஒரு குழி, குழிக்குள் ஒரு பெட்டி. களைத்து வரும் எண்களுக்கு அது தெம்பு கொடுத்து அனுப்பும். எண்கள் வந்து சேராவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். அடித்ததும் இரு முனைக்காரர்களும் தனிக் கம்பியில் ஓடும் சர்வீஸ் போனை எடுத்து, 'உங்க பக்கந்தான்' என்பார்கள். யார் முந்துகிறாரோ அவர் பக்கம் நியாயம்.

முந்துவதற்கு நாச்சிமுத்துவிடம் லூப் கார்டு என்று ஒரு முழ நீள வயர் இருந்தது. அதன் ஒரு முனையைப் போகும் வழியிலும் மறுமுனையை வரும் வழியிலும் செருகினால், இயந்திரம் தான் அனுப்பியதைத் தானே வாங்கிக்கொள்ளும். விளக்கு அணைந்தால் இயந்திரம் சுத்தம், குற்றம் வெளியே. விளக்கு அணையும். நாச்சிமுத்து போனுக்கு ஓடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையும் மணி அடித்தது. செருகினார், அணைந்தது, ஓடினார், முந்தினார். எதிர்முனைக்காரர் அதிசயமாக ஒப்புக்கொண்டார்: அங்கே ஃபியூஸ் போயிருந்தது, மாற்றிவிட்டார். வெற்றிக் களிப்பில் நாச்சிமுத்து டீக்கடைக்குப் போனார். கார்டு செருகியபடியே இருந்தது.

எதிர்முனையில் சிவப்பு அணையவில்லை. இங்கே விளக்கே எரியவில்லை. ஊரைத் தாண்டி ஒரு அழைப்பும் போகவில்லை. நெய் மண்டிக்காரர்களும் லாரி ஆபீஸ்காரர்களும் போனில் திட்ட வழியில்லாமல் நேரில் வந்து திட்டினார்கள். டீ குடித்துத் திரும்பிய நாச்சிமுத்துவிடம் ஆபரேட்டர் சௌந்திரம் எட்டிப்பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க, நான் பேசறது எனக்கே திரும்பிக் கேக்குதுங்க."

"பத்து வருஷமா நாங்க கேட்டதுதானுங்களே. நீங்களும் கொஞ்சம் கேளுங்க."

தன் பக்கம் சுத்தம், எதிர்ப்பக்கம் சரியாகிவிட்டது. ஆகவே குற்றம் நடுவில். நடுவில் இருந்தவர் செல்லமுத்து. பதினோரு வருஷமாகத் தினக்கூலி. முந்தின நாள்தான் மூன்றாவது குழியில் தண்ணீர் இறைத்திருந்தார். அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் எஞ்சினியர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மதியம் எஞ்சினியர் காரணத்தை எழுத்தில் கேட்டார். செல்லமுத்து கை வைத்துத்தான் கெட்டது என்றால் அந்த ஃபைலைத் திருப்பிவிடுவதாகவும் சொன்னார்.

மறுபடி குழியில் இறங்கிப் பார்த்துவிட்டு, இடுப்புவரை சேறோடு செல்லமுத்து வந்து நின்றார்.

"பொட்டியத் தொடவே இல்லீங்க. தண்ணியத்தானுங்க எறச்சேன். கையெழுத்தாகற நேரத்துல எம்பேரை எழுதீராதீங்க சாமி."

"எழுதறது நானில்லப்பா, சோதனை. உன்ற கண்ணு முன்னாலயே இன்னொருக்காப் போட்டுக் காட்டறேன்" என்றார் நாச்சிமுத்து. நீதி தவறாதவர் அல்லவா? கார்டை எடுக்க, அதை வழக்கமாக மாட்டும் ஆணியிடம் போனார். ஆணியில் இல்லை. மேசையில் தேடினார், இழுப்பறையில் தேடினார், எவனோ திருடிவிட்டதாகத் தீர்ப்பும் சொன்னார். பிறகுதான் இயந்திரத்தைப் பார்த்தார்.

காலையிலிருந்து அது தன்னிடமே பேசி, தன் பதிலையே கேட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகத் திருப்தியடைந்துகொண்டிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அது நாச்சிமுத்துவைப் போலவே இருந்தது.

செல்லமுத்து வாசற்படியில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்; பார்க்கவில்லை. நாச்சிமுத்து கார்டை உருவினார். உடனே சர்வீஸ் போன் அடித்தது.

"வந்துருச்சுங்க" என்றார் எதிர்முனைக்காரர். "குழியிலதானுங்களே கோளாறு?"

பதினாறு வருஷப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது.

"குழியில ஒண்ணுமில்லீங்க" என்றார் நாச்சிமுத்து. பிறகு, தணிந்த குரலில், "காலைல கார்டைக் கழட்ட மறந்துட்டனுங்க."

"லைன் சரியாக் கேக்கலீங்க, இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார் எதிர்முனைக்காரர். நாச்சிமுத்து இன்னொரு முறையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பதிவேட்டைத் திறந்து தேதி போட்டார். 'பழுது: நம் பக்கம்' என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில் தன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினார். மை காயும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு செல்லமுத்துவைக் கூப்பிட்டு, கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, பதிவேட்டை எஞ்சினியரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டும்படி அவரிடமே கொடுத்தார்.